நான் எடுக்காத அளவு

பள்ளியை முடிக்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்ப் பாடத்தில் தேறாமல் போனதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பேச வந்த மொழி எழுத வரவில்லை. தேறியிருந்தால் மற்றப் பெண்களைப் போல ஈப்போவுக்குப் போய்த் தட்டெழுத்து பழகியிருப்பேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. பீடோருக்குக் கிழக்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்தது. ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் அப்பாவுக்கு வேலை. தோட்டத் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளரும் அவர்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சீன விரிவுரையாளர் வந்து தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கி, இரண்டு ஓடைகளின் குறுக்கே சிறிய சிமெண்டுத் தடுப்புகள் கட்டினார். ஆள் டாக்டர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் இருமலுக்கு மருந்து கேட்டுப் போய் நின்றார்கள். தான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பையிலிருந்த புதினா மிட்டாயை எல்லோருக்கும் கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் அவரை டாக்டர் என்றே அழைத்தோம்.

ஓர் ஓடை எங்கள் ரப்பர் மலையிலிருந்து வந்தது. இன்னொன்று, தோட்ட எல்லைக்கு அப்பால் இருந்த பெருங்காட்டிலிருந்து. இரண்டாவது ஓடையில் இருந்துதான் குழாய் போட்டு லயங்களுக்குக் குடிதண்ணீர் எடுத்தார்கள். ஒரே மழை இரண்டு மலைகளிலும் பெய்யும்போது, எந்த மலை எவ்வளவு தண்ணீரை எப்போது விடுகிறது, எவ்வளவு மண்ணோடு விடுகிறது என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தடுப்புகளில் நட்டிருந்த அளவுகோலைத் தினமும் காலையில் பார்த்து எழுத வேண்டும். ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எண்ணும் தேதியும் எழுதத் தெரிந்த, வேறு வேலை இல்லாத ஆள் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

காட்டு ஓடைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் டாக்டர் காட்டோரக் குடியிருப்பிலிருந்து என் வயதொத்த செமாய்ப் பழங்குடிப் பெண் ஒருத்தியைத் துணைக்கு அமர்த்தினார். தோட்டத்தில் அந்த மக்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

அவள் முன்பு எங்கள் தோட்டத்தில் புல் வெட்டியிருக்கிறாள். அதில் பழகிய தமிழும், கூட மலாயும் கலந்து பேசுவாள். முதல் நாள் என் கையில் நோட்டும் பென்சிலும் பார்த்துவிட்டு எனக்குக் கிராணி என்று பெயர் வைத்துவிட்டாள். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். வெள்ளைச் சட்டையும் குடையுமாகப் போகிற எங்கள் கிராணியை நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே அதுதான் என் பதவி என்று நினைத்திருக்கிறாள்.

காட்டுக்குள் போன முதல் வாரத்தில் என் கால் முழுக்க அட்டைக் கடி. ஒவ்வொன்றையும் நான் பிய்த்து எறிய, அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அட்டைக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு லா, கிராணி. என்னக் கடிக்கவே மாட்டேங்குது.”

“உன் ரத்தம் கசப்பா இருக்கும்.”

“இல்ல. நான் நிக்க மாட்டேன். நீ நின்னு நின்னு எழுதுற.”

அது உண்மைதான். நான் நின்ற இடத்திலெல்லாம் எதையாவது எழுதினேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். காடு அவளுக்குப் புனிதமானது, ரகசியமானது என்றெல்லாம் பிற்காலத்தில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அவளுக்கு முள் குத்தினால் கெட்ட வார்த்தை வரும். மழையில் நனைவது பிடிக்காது. சைக்கிள் ஓட்ட ஆசை. ரயிலைப் பார்க்க அதைவிட ஆசை.

ஆறே மாதத்தில் இரண்டு ஓடைகளின் குணமும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெருமழை பெய்தால் தோட்டத்து ஓடை அரை மணி நேரத்தில் செம்மண்ணாகப் பொங்கும், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். காட்டு ஓடை அவசரப்படாது. மறுநாள்தான் ஏறும். ஏறினாலும் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும், பல நாள் நிதானமாக ஓடும். வெயில் காலத்தில் தோட்டத்து ஓடையின் தடுப்பு காய்ந்து பல்லி ஓடியபோதும் காட்டு ஓடையில் தண்ணீர் இருந்தது. டாக்டர் இதைப் படம் போட்டுக் காட்டினார். ஒரு கோடு ஊசி போல ஏறி இறங்கியது, இன்னொன்று தூங்குகிறவன் முதுகு போல மெதுவாக உயர்ந்து தாழ்ந்தது. காட்டுத் தரை பஞ்சு மாதிரி மழையை வாங்கி வைத்துக்கொள்கிறது என்றார். அவளிடம் நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“இத பாக்கவா கோலாலம்பூர்ல இருந்து வர்றாரு?” என்று கேட்டாள்.

சனிக்கிழமைகளில் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கி ஈப்போவுக்குப் பேருந்தில் கொண்டுபோவேன். அங்கே டாக்டரின் ஆட்கள் எடுத்திருந்த ஒரு வாடகை வீட்டின் பின்னறையில், தண்ணீரை வடிதாளில் ஊற்றி, தங்கிய மண்ணை உலர்த்தி எடை போடுவார்கள். ஒரு முறை அவளையும் அழைத்துப் போனேன். பெட்டியின் ஒரு பிடி அவள் கையில், ஒரு பிடி என் கையில். வேலை முடிந்ததும் ரயில் நிலையத்து நடைமேடையில் உட்கார்ந்தோம். வடக்கிலிருந்து வண்டி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், போய்விட்டது. அடுத்த வண்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். அடுத்தது வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். பரவாயில்லை என்றாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இடையில் நிலையத்துக் குழாயில் தண்ணீர் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“இது எந்த மலைத் தண்ணி?”

எனக்குத் தெரியவில்லை. வாரா வாரம் ஈப்போவுக்குத் தண்ணீர் சுமந்த எனக்கு, ஈப்போவின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. இரண்டாவது வண்டி வந்தபோது அவள் எழுந்து நின்று பார்த்தாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தை, அதற்குப் பிறகு வந்த பல வருடங்களைவிட நான் அதிகமாக நினைத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் பாலாக் லாரிகள் வந்தன. வெட்டிய மரங்களை ஏற்ற, காட்டு ஓடையின் மேல் சரிவைச் சீவிச் சாலை போட்டார்கள். முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு நாள் காலை தடுப்புக்குப் போனபோது இரவு பெய்த சிறிய மழைக்கே அளவுகோலின் கீழ்ப்பாதி தெரியவில்லை. போத்தலில் பிடித்த தண்ணீர் ஆரஞ்சு நிறமாக இருந்தது. நான் ஓடை மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவள் தண்ணீரில் கை விட்டு, விரல்களுக்கு இடையில் மண்ணைத் தேய்த்துப் பார்த்தாள்.

“இது மேல இருந்து வருது. என் மாமா தூரியான் மரம் நிக்குற எடம்.”

டாக்டர் வந்து நோட்டைப் புரட்டினார். அவர் முகத்தில் ஒரு பரபரப்பு தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு முறை போதாது, மழை பெய்தால் மூன்று முறை அளவெடுங்கள் என்றார். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ஓடையின் கணக்கு யாருக்கும் இப்படி வாய்க்காது என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வேலைக்கு அது பெரிய விஷயம். ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டுக் குழாயில் அம்மா துணி கட்டித் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

அந்த ஆண்டு கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பே மழை பிடித்துக்கொண்டது. கிறிஸ்மஸ் காலையில் நான் தோட்டத்துக் கோயிலில் இருந்தேன். புதுப் புடவை. பாட்டுக்குழுவில் முன்வரிசை. தகரக் கூரையில் மழை கொட்டியதில் நாங்கள் பாடியது எங்களுக்கே கேட்கவில்லை. தடுப்பைப் பற்றி நினைக்காமல் இல்லை. இந்த மழையில் யார் போவார்கள், ஒரு நாள் விட்டால் விடட்டும் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. கையில் ஒரு போத்தல், உள்ளே பால் தேநீர் போலக் கெட்டியான தண்ணீர். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் என் பழைய நோட்டின் ஒரு தாள். அவளுக்கு எண் எழுதத் தெரியாது. அதனால் அளவுகோலை அப்படியே வரைந்திருந்தாள். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், நடுவில் பெயிண்ட் உரிந்த இடம், உச்சியில் இருந்த சிவப்புக் கோடு, எல்லாம் இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு கட்டம் கீழே பென்சிலை அழுத்தி ஒரு கோடு இழுத்திருந்தாள். அதுதான் தண்ணீர்.

“இந்த வெள்ளத்துல எப்படித் தடுப்பு வரைக்கும் போன?”

“வேரைப் பிடிச்சு.”

“அடிச்சிட்டுப் போயிருந்தா?”

“நீ வரல இல்ல. யாராச்சும் பாக்கணும் லா.”

அம்மா அவளுக்குத் துண்டும் கோழிக்கறியும் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, மழை விடாமலேயே போய்விட்டாள். நான் படத்தில் கட்டங்களை எண்ணி நோட்டில் எழுதினேன். அவ்வளவு உயரத்தை அதற்கு முன்பு அந்த ஓடை தொட்டதே இல்லை. தாளை நோட்டில் ஒட்டி, டாக்டர் வந்தபோது காட்டினேன்.

புத்தாண்டு கழிந்ததும் அப்பா சங்கத்தின் சார்பில் மனு எழுதினார். தண்ணீர் கெட்டுப்போனது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், உன் நோட்டு வேண்டும் என்றார். கணக்கு கட்டுரையாக வெளிவரும்வரை நோட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. நோட்டைக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா எண்களையும் வேறொரு நோட்டில் பிரதி எடுத்தேன். பிரதியில் அவள் வரைந்த படம் இல்லை. எல்லாப் பக்கங்களும் என் கையெழுத்து.

பட்டணத்து அரசு அலுவலகம் ஒன்றுக்கு மூன்று பேர் போனோம். அப்பா, நான், அவள். அவர்கள் குடியிருப்பும் அதே தண்ணீரைத்தான் குடித்தது. வர வேண்டிய குடியிருப்புத் தலைவரான அவள் மாமாவுக்குக் காய்ச்சல் என்பதால் அவள் வந்தாள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தாள்.

அதிகாரி பொறுமையானவர். எங்களை உட்கார வைத்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். டிசம்பர் மாதப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. மலாயில்தான் எல்லாப் பேச்சும்.

“இந்த ஒரு நாள் மட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறதே. கிறிஸ்மஸ் நாள்.” என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். “நீங்களே போய் எடுத்ததா?”

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் வரைந்த கோடு என்று சொன்னால் அந்த நோட்டை அவர் மூடிவிடுவார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். அப்பாவின் முன்னால், அந்த மேசைக்கு முன்னால், நான் கோயிலில் பாடிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்திருக்கலாம்.

“ஆமாம். கோயில் முடிந்ததும் போனேன்” என்றேன்.

“அந்த மழையிலா? நல்ல பெண்” என்று சொல்லி, அந்த எண்ணைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மலாய் அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பேருந்தில் அப்பா முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னால். பாதி வழி வந்த பிறகு அவள் கேட்டாள்.

“கிராணி, அன்னைக்குக் கோயில்ல எத்தனை பாட்டுப் பாடுனீங்க?”

“அஞ்சு.”

“ஓ” என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நீங்க என்று அவள் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருவேளை பாட்டுக்குழுவை எல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்படி எடுத்துக்கொள்ள நான் பலமுறை முயன்றிருக்கிறேன்.

மறுநாள் காலை வழக்கம் போல வேலைக்கு வந்தாள். போத்தலைப் பிடித்தாள், அட்டையைக் கேலி செய்தாள். மன்னிப்புக் கேட்கத் தினமும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போவேன். தடுப்பை அடைவதற்குள் அவள் வேறு ஏதாவது பேசத் தொடங்கிவிடுவாள். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வருவேன்.

நோட்டைப் பிரதி எடுத்தது டாக்டருக்குத் தெரிந்து, ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே அந்த அலுவலகத்துக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினார். தோட்டத்துத் துரையும் தன் பங்குக்கு எழுதினார். குழாய் எடுக்கிற இடத்துக்கு மேலே உள்ள சரிவில் இனி வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. லயத்தில் எனக்கு மாலை போட்டார்கள். சாலை மட்டும் நிற்கவில்லை. ஓடையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக மேலே போனது. அந்தப் பக்கத்தில்தான் அவர்கள் குடியிருப்பின் பழமரங்கள் இருந்தன.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நான் குடியிருப்புக்குப் போனேன். ஏழு வீடுகளில் ஐந்து காலி. ஆற்றின் மேல்பகுதியில் உறவுக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மீதி இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அவள் வீட்டுத் தரையில் எங்கள் போத்தல் ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தனியாகப் போனேன். அம்மா தடுக்கவில்லை. காட்டுக்குள் அவள் குரல் கேட்கிற மாதிரி இருக்கும், நின்று கேட்பேன், அட்டை ஏறும். பிறகு ஆராய்ச்சி முடிந்தது.

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தார். நான் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் உதவியாளரானேன். எண்பதுகளின் தொடக்கத்தில் டாக்டர் தன் கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்றை அனுப்பினார். காட்டு ஓடையின் கோடு, வெட்டுவதற்கு முன் தூங்குகிறவன் முதுகு போலவும், பின் ஊசி ஊசியாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு புள்ளி. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அந்த நாளின் நீர்மட்டம் உள்ளூர் உதவியாளப் பெண் ஒருவர் களத்தில் வரைந்த படத்திலிருந்து எடுக்கப்பட்டது. என் அசல் நோட்டில் ஒட்டியிருந்த தாளை அவர் மறக்கவில்லை. நான் மறைத்ததை அவர் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார், அவளால் படிக்க முடியாத இடத்தில். சமையலறையில் நின்று அந்த வரியைப் படித்தேன். சோறு அடிபிடித்துவிட்டது.

அப்பா அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பீடோரில் இறங்கிச் சாலையோரத்தில் பெத்தாய்க் காய் விற்கும் செமாய்ப் பெண்களிடம் விசாரிப்பேன். ஒரு வருடம் ஒருத்தி அவளைத் தெரியும் என்றாள், தனக்குச் சித்தி முறையாம். இரண்டு பிள்ளைகளாம். மேலே, ஆற்றின் அந்தப் பக்கமாம். நான் ஒரு புடவைத் துணியை அவளிடம் கொடுத்து, மலாயில் சொன்னேன்.

“கிராணி கேட்டதாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அளவெடுத்தது நீதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.”

அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். “இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதான்.”

என் இடுப்பில் கைக்குழந்தை. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நானே வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். பிள்ளை நடந்தான். அதற்குள் அடுத்தவள் வந்துவிட்டாள். பெத்தாய் விற்ற பெண்ணை அதற்கடுத்த பருவத்தில் காணவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஆயர் தாவாரில் தம்பி வீட்டுக்குப் போனார்கள்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு பள்ளி விடுமுறையில், பிள்ளைகளை அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு, கணவரும் நானும் அவளைத் தேடி மோட்டார் சைக்கிளில் போனோம். தார்ச்சாலை முடிந்து, மண்பாதை முடிந்து, ஆற்றங்கரை வந்தது. இரவு மழையில் ஆறு ஏறியிருந்தது. தொங்குபாலத்தின் ஒரு பக்கக் கம்பி அறுந்து, பலகைகள் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தன. அக்கரையில் காடு. மரங்களுக்கு மேலே மெல்லிய புகை, யாரோ சமைக்கிறார்கள்.

கணவர் இரு கைகளையும் வாயில் குவித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆற்றுச் சத்தத்தில் அது பாதி தூரம்கூடப் போயிருக்காது.

“என்ன செய்யலாம்?” என்றார்.

“கொஞ்ச நேரம் பாக்கலாம். யாராச்சும் தண்ணி எடுக்க வருவாங்க.”

பாறையில் உட்கார்ந்து கொண்டு வந்திருந்த ரொட்டியைத் தின்றோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். மறுபடியும் மழை தூறத் தொடங்கியது. அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தார். நான் இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன்.